லேசான வேலை

மடிப்பக்கா எட்டு மாதம் கழித்து வேலைக்கு வந்த அன்று, சலவைக்கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. காலை ஆறரை மணிக்கு அந்தக் கூடத்தில் யாரும் யாரைப் பார்த்தும் சிரிக்கிற வழக்கமில்லை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, "தள்ளு", "அந்த வண்டிய இப்படி விடு" என்று இரண்டு சொல்லோடு வேலைக்குள் போய்விடுவார்கள். சிரிப்பெல்லாம் பத்து மணி டீக்குத்தான்.

மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் துணி அங்கே வெளுப்புக்கு வந்தது. பின்வாசலில் அழுக்கு மூட்டைகள் லாரியிலிருந்து இறங்கும். ஆள் உயர வாஷிங் மெஷின்களில் சுழன்று, டிரம்மில் பாதி உலர்ந்து, கடைசியில் ரோலருக்கு வரும். கூடத்தின் குறுக்கே யானை படுத்தாற்போல் கிடக்கும் அந்த ரோலர். இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, தேய்ந்து, கை பொறுக்காத சூட்டில் வெளியே வரும். அதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. பதினோரு வருஷம் அந்த இடத்தில் நின்றவள் அவள். ஓரத்தோடு ஓரம் நூல் பிசகாமல் உட்காரும் என்பதால் மடிப்பக்கா என்று பெயர் வந்தது. எதிர்முனையில் நிற்பவளுக்கு நெட்டை என்று பெயர். ஆள் ஐந்தடிகூட இல்லை என்பதால் வைத்தது. பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் மடிப்பாள்.

அன்றைக்கு நெட்டையின் எதிரே வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

சூப்பர்வைசரைக் கூடத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சங்கு என்பார்கள். எல்லா மெஷினும் ஓடும்போது அவர் கத்தினாலும் பின்வாசலில் நிற்கும் லாரி டிரைவர் தன்னைத்தான் என்று திரும்பிப் பார்ப்பார். பதினோரு வருஷமாக "ஏ மடிப்பு, என்ன அங்க கதை?" என்று கத்தியவர், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. உடம்பெல்லாம் பரவாயில்லைங்களா?"

அந்த 'வாங்க'வைக் கேட்டதும் மடிப்பக்கா தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கேன் சார்."

"ஆபீஸ்லேர்ந்து சொல்லியிருக்காங்க. உங்களுக்கு லேசான வேலையாப் பாத்துக் குடுக்கணும்னு. இங்க உக்காருங்க. காத்தும் வரும்."

ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரோ புதிதாக ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். மடித்துக் கட்டிய கட்டுகள் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வார்டுக்கு என்று சீட்டு ஒட்டுவது வேலை. அதை ஒரு வேலையென்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. கை ஒழிந்தவர்கள் போகிறபோக்கில் ஒட்டுவது அது.

"ரோலருக்கே போறேனே சார்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்தச் சூடு உங்களுக்கு ஆகாது."

"என்னைச் சூடு ஒண்ணும் பண்ணலியே."

சங்கு, தனக்குப் பதில் சொல்ல யாராவது வருவார்களா என்பதுபோல் பக்கத்தில் பார்த்தார். யாரும் இல்லை. "உக்காருங்கம்மா" என்று மறுபடி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம், விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்தபடி அவள் நின்றுவிட்டாள். எதிரே நெட்டை, "நடங்கக்கா" என்றாள். நடக்கவில்லை. கண் திறந்திருந்தது. ரோலரிலிருந்து துணி மேல் துணியாகத் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. யாரோ சிவப்புப் பித்தானை அமுக்கி மெஷினை நிறுத்தினார்கள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் விரிப்பை வாங்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதமாக அவள் ராத்திரியில் தூங்கவில்லை என்பதும், டீ நேரத்தில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள் என்பதும் அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

வீட்டில் யாருக்கும் அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. சாவு இல்லை, சண்டை இல்லை. அவள் புருஷன் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவன். தெருவில் பெயிண்டர் என்றால் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் அவன் முதுகுவலி என்று சொல்லி வைத்தான். அதனால் வீட்டில் நாலு வகைத் தைலம் சேர்ந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கிடந்தாள். சமையலுக்கு ஆளில்லாமல் பெயிண்டரின் அக்கா ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். இரண்டாவது மாதம் ஒரு நாள், தூக்க மாத்திரைப் பட்டைகள் அத்தனையையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை இந்த நாத்தனார்தான் பார்த்தாள். கூச்சல் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாக எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டையின் தடம் மட்டும் இருந்தது. பெயிண்டர் அவற்றைப் பட்டி வைத்து அடைத்து, வர்ணமும் பூசியிருந்தான்.

மகளுக்குப் பதினோரு வயது. அம்மா குளிக்கப் போனால் அவள் வெளியே முக்காலி போட்டுப் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். பக்கம் புரளாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "அம்மா, சோப்பு இருக்கா?" என்பாள்.

"இருக்கு."

"தண்ணி சூடா இருக்கா?"

"இருக்குடி."

கேட்பது சோப்பைப் பற்றியல்ல என்று இருவருக்கும் தெரியும்.

முதல் இரண்டு வாரம் நாலு மணி நேர வேலை. பெயிண்டர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, பத்தரைக்கு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து அழைத்துப் போனான். அவன் தலைமுடியில் வெள்ளை வர்ணம் தெறித்துக் காய்ந்திருக்கும். "போய் வேலையப் பாருங்க, நான் பஸ்ல வர்றேன்" என்று அவள் சொன்னால், "எனக்கு இந்தப் பக்கம் வேலை இருந்துச்சு" என்பான். எந்தப் பக்கம் வேலை நடந்தாலும் அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.

கூடத்தில் யாரும் அவளை ஒன்றும் செய்யவிடவில்லை. கட்டைத் தூக்கப் போனால் இரண்டு பேர் ஓடிவந்து வாங்கினார்கள். சீட்டு வெட்டக் கத்தரிக்கோல் கேட்டதற்கு, "வெட்டியே கொண்டாந்து தர்றோம்க்கா" என்றார்கள். அவள் டீக் குவளையோடு வந்து நின்றால் பேச்சு நின்று, வானிலையைப் பற்றித் தொடங்கும். அந்த மாதம் மழைக்காலம் ஆரம்பம். மழையைப் பற்றி அவ்வளவு பேச்சு அந்தக் கூடத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. நெட்டை மட்டும் மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. மடிப்பக்கா பார்க்கும்போது அவள் துணியைப் பார்ப்பாள். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் வராதவள் அவள்தான்.

மூன்றாவது வாரம் வேலை மத்தியானம் வரை நீண்டது. அந்தப் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது பெயிண்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னிக்குப் பாதி டப்பாவ மிச்சம் வச்சிட்டியாமே" என்றான்.

மடிப்பக்கா கையை நிறுத்தினாள். டப்பாவை அவள் கூடத்திலேயே கழுவிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்வா... சும்மா கேட்டேன்."

"சூப்பர்வைசர் போன் பண்றாரா?"

நாத்தனார் குழம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"அண்ணி, அவர் பதில் சொல்லட்டும்."

"தினமும் பண்ணலை" என்றான் பெயிண்டர். "நான்தான் கேட்டேன், ஏதாவதுன்னா சொல்லுங்கன்னு."

"ஏதாவதுன்னா என்ன? சோறு மிச்சம் வக்கிறதா? இன்னும் என்னெல்லாம் சொன்னாரு? எத்தனை தடவை பாத்ரூம் போனேன்னு சொன்னாரா?"

அவன் மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினான். சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, முட்டை வேணுமா?" என்றாள்.

மறுநாள்தான் அது நடந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவேண்டிய பச்சைத் துணிக் கட்டு எலும்பு வார்டுக்குப் போய்விட்டது. வார்டுத் தலையணை உறைகள் தியேட்டரில் போய் இறங்கின. நோயாளியை மேசையில் படுக்க வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்திருக்கிறார்கள். வேறு துணி தேடிக் கொண்டுவந்து ஆபரேஷன் தொடங்க முக்கால் மணி நேரம் ஆனது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனில் அந்தப் பக்கம் கத்தியது இந்தப் பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

சங்கு போனை வைத்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. திரும்பினார். இப்போது வெடிக்கும் என்று எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அவர் ஜன்னலோர மேசையைப் பார்த்தார். மூச்சை உள்ளேயே இழுத்துக்கொண்டார். கிட்டே வந்து, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல், "பரவாயில்லைங்க. நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"நானா சார் ஒட்டினேன்?"

"உங்க மேசைலேர்ந்துதான் போயிருக்கு. விடுங்க. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க."

அவள் யோசித்தாள். பச்சைக் கட்டு கண்ணுக்கு வந்தது. அதை வாங்கி வைத்தது ஞாபகம் இருந்தது. ஒட்டியது இல்லை. பதினோரு மணி மாத்திரை போட்டால் அரைமணி நேரம் தலைக்குள் ஈரப்பஞ்சு வைத்தாற்போல் இருக்கும். அந்த அரைமணியில் கை என்ன செய்தது என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. தன் கையையே தான் நம்ப முடியாமல் போவதைப் போலொரு பயம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில்கூட அவளுக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வரவேண்டும், வீட்டிலிருந்தும் ஒருவர் வரலாம் என்று சீட்டு வந்தது. விடுப்பை நீட்டிப்பது பற்றிப் பேச என்று எழுதியிருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றாள் நாத்தனார். "நான் அப்பவே சொன்னேன், இவ்வளவு சீக்கிரம் வேணாம்னு."

"நீட்டிச்சா அப்புறம் எடுக்க மாட்டாங்க அண்ணி."

"எடுக்காட்டிப் போகட்டும். ஆஸ்பத்திரித் துணியத் துவைக்கலைன்னா உலகம் நின்னுருமா? வீட்ல இரு. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

"அதான் அண்ணி. எல்லாத்தையும் நீங்க பாத்துக்கறீங்க. உப்பு டப்பா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது, என் வீட்ல."

நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "உன்னை அன்னைக்கு அப்படிப் பாத்தவ நான். என் கண்ணுலேர்ந்து அது போகல. உப்பு டப்பாவச் சொல்றியே" என்றாள். அழுதுகொண்டே போய் டப்பாவைக் கொண்டுவந்து மடிப்பக்காவின் முன்னால் வைத்தாள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. அவர்கள் வீடு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், தலையிலிருந்து கால்வரை நனைந்து நெட்டை நின்றாள். குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தாள்.

"குடை இருக்குல்ல, ஏன் நனைஞ்ச?"

"விரிக்கத் தோணலக்கா."

மடிப்பக்கா துண்டு கொடுத்தாள். நெட்டை அதை வாங்கித் துடைக்காமல் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்தச் சீட்டு நான் ஒட்டினதுக்கா."

"எந்தச் சீட்டு?"

"பச்சைக் கட்டு. நீங்க மாத்திரை போடப் போனீங்கள்ல? மேசைல கட்டு குவிஞ்சு கிடந்துச்சு. நீங்க வந்து பாத்தா பயந்துருவீங்கன்னு அவசர அவசரமா நான் ஒட்டிட்டுப் போனேன். மாத்தி ஒட்டிட்டேன். போன் வந்தப்பவே தெரிஞ்சுது. வாயத் தொறக்க முடியல. சங்கு உங்களைத் திட்டலைல்ல? அதனால சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமைதான் சொன்னாங்க, உங்களை அனுப்பப் போறாங்கன்னு."

மடிப்பக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெட்டை பயந்துபோய் சமையலறைப் பக்கம் பார்த்தாள். திரும்பினால், மடிப்பக்காவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகை என்று நினைத்து எழுந்தவள், சிரிப்பு என்று கண்டு மேலும் பயந்தாள்.

"நான் ஒட்டலையா? நெசமா நான் ஒட்டலையா?"

"இல்லக்கா."

"நாலு நாளா என் கைய நானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்டி."

அப்போதுதான் அழுகை வந்தது. இருவருக்கும். நாத்தனார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் டீ போடப் போனாள்.

"ஏன் ஒரு தடவகூட வரல நீ?" என்று மடிப்பக்கா கேட்டாள்.

"எப்படி வர்றது? எதிர்ல நின்னவ நான். விரிப்பை இழுக்குற இழுப்புல எனக்குத் தெரியும்க்கா. மூணு மாசமா உங்க பக்கம் இழுப்பே இல்லை. நான்தான் உங்களையும் சேத்து இழுத்துக்கிட்டிருந்தேன். தெரிஞ்சுது. கேட்டா என்னமாவது சொல்லிருவீங்களோன்னு, நான்பாட்டுக்குச் சீரியல் கதை பேசிக்கிட்டே இருந்தேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"கேட்டிருந்தாலும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

"இருந்தாலும் கேட்டிருக்கணும்ல?"

"கேட்டிருக்கணும்" என்றாள் மடிப்பக்கா. அதை மறுத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் அறையில் ஐந்து நாற்காலி போட்டிருந்தது. தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்த மேடம் நடுவில். அவள் நல்லவள்தான். குரலைத் தாழ்த்தியே பேசினாள். ஒரு பக்கம் சங்கு, எதிரே பெயிண்டரும் மடிப்பக்காவும். கூப்பிடாமலே வந்து வாசலில் நின்ற நெட்டையை மடிப்பக்காதான் உள்ளே அழைத்தாள்.

"உங்க மேல யாருக்கும் வருத்தமில்லை" என்று மேடம் தொடங்கினாள். "உங்க நல்லதுக்காகத்தான். இன்னும் மூணு மாசம் ஓய்வு எடுத்துக்கிட்டா..."

"மேடம், அது நான் பண்ணினது" என்றாள் நெட்டை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

சங்கு எழுந்தார். நாலு நாளாக உள்ளே கிடந்தது மொத்தமாக வெளியே வந்தது. "அறிவிருக்கா உனக்கு? பச்சைத் துணி எங்க போகும்னு தெரியாதா? ஒன்பது வருஷமா என்னத்தப் புடுங்குன இங்க? அங்க ஒருத்தன் வயித்தக் கிழிக்கப் படுத்திருக்கான், நீ தலகாணி ஒறைய அனுப்புற! தப்புப் பண்ணிட்டு வாயப் பொத்திக்கிட்டு நாலு நாள் சோறு தின்னிருக்க! அடுத்த தடவ ஒரு சீட்டு மாறட்டும், உன்னை அந்த டிரம்முல போட்டுச் சுத்த விடுறேன்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேடம் காதைப் பொத்தாத குறை. நெட்டை தலையைக் குனிந்து, "சரி சார், இனிமே பாத்துக்கறேன் சார்" என்று கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது. சங்கு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "போய் வேலையப் பாரு" என்றார். அதில் கோபமே இல்லை.

அந்தத் திட்டு முழுவதையும் மடிப்பக்கா பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், நான்தான் பண்ணினேன்னு நெனச்சப்ப இப்படி ஏன் திட்டல?"

"உங்களைப் போய் எப்படிம்மா..."

"இவளைத் திட்டினீங்க. அழுதா. இப்ப வேலைக்குப் போறா. என்னை ஒரு வார்த்தை சொல்லல. அனுப்பப் போறீங்க."

மேடம் பேனாவை மூடித் திறந்தாள்.

"அப்ப நாங்க என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் கடைசியில். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

மடிப்பக்கா வரிசையாகச் சொல்வதற்கு ஒன்றும் தயாராக வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். ரோலரில் நிற்க வேண்டும். முழு நாளும் இப்போது முடியாது, பத்து மணிவரை முதலில், அப்புறம் சீட்டு மேசை. மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்கிறாள், அதுவரை பதினோரு மணிக்கு மேல் யாரும் அவளிடம் சீட்டு கொடுக்கக் கூடாது. "அப்புறம் வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க. எனக்கு முடியலைன்னா நானே சொல்றேன்."

"சொல்லலைன்னா?" என்றான் பெயிண்டர்.

அவன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். "போன தடவ நீ சொல்லல. பக்கத்துல படுத்திருந்தேன். சொல்லல. எனக்கு அது போதும். தினம் காலைல சாரத்துல ஏறி நிக்கறப்ப எனக்குக் கை நடுங்குது. மூணாவது மாடில நின்னுக்கிட்டு, வீட்ல நீ இருக்கியான்னு நெனச்சா..."

சங்கு தரையைப் பார்த்தார்.

"சொல்ல முடியாத நாளும் வரும்" என்றாள் மடிப்பக்கா. "வராதுன்னு நான் பொய் சொல்லல. ஆனா எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருந்தா, நான் நல்லாருக்கேன்னு நடிக்கத்தான் தோணுது. அப்பவும் அதத்தான் பண்ணினேன்."

"இழுப்பு எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள், இன்னும் போகாமல் நின்ற நெட்டை. "இந்தத் தடவ கேட்டுருவேன்."

பெயிண்டர் அவளை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் தலையாட்டினான். வீட்டுக்குப் போன் பண்ணுவதில்லை என்று சங்கும் ஒத்துக்கொண்டார். மேடம் தாளில் எழுதினாள். விடுப்பு நீட்டிப்பு என்ற வரியை அடித்தாள். சங்கு எழுந்து கதவைத் திறந்து, "ஏ மடிப்பு, பத்து மணி வரைக்கும்னா இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. என்ன உக்காந்திருக்க?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றிருக்க வேண்டும். மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மடிப்பக்கா அதற்குள் பூட்ஸ் மாட்டப் போய்விட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. முதல் வாரம் விரல் நுனியெல்லாம் கொப்பளம். எட்டு மாதத்தில் தோல் மெலிந்திருந்தது. பதினைந்தாவது விரிப்பிலேயே தோள் கடுத்தது. நெட்டையின் எதிரே நின்ற புதியவளுக்கு இடம் போன கோபம். அவள் டீ நேரத்தில் பேசுவதில்லை. வீட்டில் நாத்தனார் பையைக் கட்டினாள், அவிழ்த்தாள், போகவில்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் வரவில்லை. அதை அவளும் கேட்கவில்லை. பெயிண்டருக்கு அதற்கு இன்னும் நாள் ஆகும் என்று விட்டுவிட்டாள். ரோலர் நேரம் பத்து மணியிலிருந்து பன்னிரண்டானது.

ஏழாவது வாரம் ஒரு புதன்கிழமை. காலையில் கண் விழித்தபோதே தெரிந்துவிட்டது. ஈர மூட்டையை மார்பின் மேல் இறக்கி வைத்தாற்போல் பாரம். எழுந்து உட்காரவே இருபது நிமிஷம். பெயிண்டர் வாளியோடு வாசலில் நின்றான். நாத்தனார் போனை எடுத்து, "நான் பேசிடறேன்" என்றாள்.

"குடுங்க அண்ணி."

எண்ணை அழுத்த மேலும் பத்து நிமிஷம் ஆனது. இரண்டு பேரும் நின்றபடியே இருந்தார்கள்.

"சார், மடிப்பு பேசறேன். இன்னிக்கு முடியல."

மறுபக்கம் மெஷின் சத்தம். "காய்ச்சலா, அதுவா?"

"அதுதான்."

"சரி. நாளைக்கு?"

"தெரியல சார்."

"தெரியலன்னா நான் யாரைக் கொண்டுபோய் நிறுத்துறது? காலைல அஞ்சரைக்குச் சொல்லிடணும்."

"சொல்றேன்."

"அஞ்சரைக்கு வேணாம், நான் குளிச்சிட்டிருப்பேன். அஞ்சே முக்கால்."

"சரி சார்."

போனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பெயிண்டர் வாளியைக் கீழே வைத்தான், எடுத்தான். "போங்க" என்றாள் அவள் திரும்பாமலே. அவன் போனான். மகள் பள்ளிக்கூடப் பையோடு கட்டிலோரம் வந்து நின்றாள். எதைப் பற்றியும் கேட்கவில்லை. அம்மாவின் முதுகில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அஞ்சே முக்காலுக்கு அவள் போன் பண்ணினாள். "இன்னிக்கும் முடியல சார்." "சரி" என்று வைத்தார் சங்கு.

வெள்ளிக்கிழமை அஞ்சே முக்காலுக்குப் போன் வரவில்லை. சங்கு ஈரத் தலையோடு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து ஐம்பது. ஆறு. அவளை அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெயிண்டரின் எண் போனில்தான் இருந்தது. எடுத்தார். கூப்பிடுவதில்லை என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்ட ஆள் அவர். கூப்பிடாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் எழுந்தார். எண்ணைத் திரையில் வைத்தபடியே மழையில் நடந்து, ஆறே கால் மணிக்குக் கூடத்துக் கதவைத் தள்ளினார். அழுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

ரோலர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. அதன் முன்னால், தலை வாராமல், கலைந்த முடியை ரப்பர் வளையத்தில் இறுக்கிக்கொண்டு மடிப்பக்கா நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. எதிரே நெட்டை பெட்டியின் மேல் ஏறி நின்றாள்.

சங்கு கதவிலேயே நின்றார். பிறகு குரல் எழுந்தது.

"வர்றதுன்னா சொல்லித் தொலைக்க மாட்டியா? அஞ்சே முக்கால்லேர்ந்து போனைக் கையில வச்சுக்கிட்டு நான் என்ன பைத்தியமா?" சொல்லிவிட்டு அந்தச் சொல்லில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போன் எடுத்தா முடியலைன்னுதான் சார் வாயில வரும்போல இருந்துச்சு. அதான் எடுக்காமயே வந்துட்டேன்."

"இப்ப முடியுமா?"

"தெரியல. நின்னு பாக்கறேன்."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்வாசலில் யாரையோ கத்தப் போனார்.

முதல் விரிப்பு ஆவியோடு வெளியே வந்தது. இருவரும் முனைகளைப் பிடித்து உதறி, நடந்து, சேர்த்தார்கள். ஓரம் நாலு விரல் பிசகி நின்றது. நெட்டை அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் அடுக்கில் வைக்கப் போனாள்.

"வைக்காத" என்றாள் மடிப்பக்கா. "பிரி."